வடிவுக்கு ஒரு ஹெல்மெட்

கொற்கை நிலையத்தின் மூன்றாம் பகுதியில் வடக்கு எது என்பதை நாங்கள் ஓட்டெடுப்பு நடத்தித்தான் முடிவு செய்தோம். இதைச் சொன்னால் கீழே பூமியில் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்களுக்கு வடக்கு சும்மா கிடைத்திருக்கிறது.

எங்கள் நிலையம் பெரிய சக்கரம் போன்றது. பூமிக்கு மேலே மிதந்தபடி நிமிடத்துக்கு நான்கு தடவை தன்னைத்தானே சுற்றிக்கொள்கிறது. அப்படிச் சுற்றுவதால்தான் எங்கள் கால் தரையில் பாவுகிறது. சுற்றுவது நின்றால் நாங்களும் எங்கள் சாம்பாரும் மிதக்க வேண்டியதுதான். குலசேகரப்பட்டினத்திலிருந்து கப்பல் கிளம்புவதால் மூன்றாம் பகுதியில் பாதிப் பேர் தூத்துக்குடி, திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கத்து ஆட்கள். அத்தனை பேரும் பொறியாளர்கள். நானும்தான். அழுக்குத் தண்ணீரைச் சுத்தம் செய்து திரும்பவும் குழாய்க்கு அனுப்புவது என் வேலை. என் கணவர் இசக்கிமுத்து, நிலையத்தின் சுழற்சி கூடாமலும் குறையாமலும் பார்த்துக்கொள்கிறவர்.

வந்த புதிதில் எல்லா அறையிலும் கட்டில் ஒரே மாதிரி போடப்பட்டிருந்தது. தலைமாடு கப்பல்துறைப் பக்கம். காற்று வரும் துளையும் அந்தச் சுவரில்தான் இருந்தது. தூங்குகிறவர் மூக்கருகே புதுக் காற்று வந்துகொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நாம் விட்ட மூச்சையே நாம் இழுப்போம் என்று விதிமுறை. யாரோ ஒருவர் சாப்பாட்டு நேரத்தில், "ஆமா, நாம எந்தத் திசையில தலைவச்சிப் படுக்கோம்?" என்று கேட்டுவைத்தார். அவ்வளவுதான், பற்றிக்கொண்டது.

குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் சிதம்பரதாணு அண்ணாச்சி கூட்டத்தைக் கூட்டினார். நாகர்கோவில்காரர், பற்றவைப்புப் பிரிவின் தலைவர், மீசை வைத்த மனிதர்.

"பூமி மாதிரியே இதுவும் சுத்துது. அப்போ பூமிக்கு உள்ள வடக்கு இதுக்கும் உண்டும்லா?" என்றார்.

இசக்கி எழுந்து விளக்கினார். "வட துருவத்துல நின்னு அண்ணாந்து பாத்தா நட்சத்திரமெல்லாம் இடஞ்சுழியா சுத்தும். கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கம். தென் துருவத்துல வலஞ்சுழி. இந்த நிலையத்துலயும் எந்த முனையில இடஞ்சுழியா தெரியுதோ, அதுதான் வடக்கு."

கப்பல் வந்து நிற்கும் முனையில்தான் வெளியே பார்க்கும் ஜன்னல் உண்டு. கப்பல் வராத நாட்களில் அதற்கு இரும்பு மூடி போட்டிருப்பார்கள். அதனால் வரைபடத்தை விரித்து, அம்புக்குறி பார்த்து, ஒரு மாலை முழுவதும் வாதாடினார்கள். கடைசியில் வந்த விடை, கப்பல்துறைப் பக்கம்தான் வடக்கு. எல்லோர் முகமும் விழுந்துவிட்டது. இத்தனை நாளும் வடக்கே தலைவைத்துத் தூங்கியிருக்கிறோம்! வடக்கே தலைவைத்துப் படுத்த யானையின் தலை பிள்ளையாருக்குப் போன கதையை யாரும் சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் அதுதான் நினைவுக்கு வந்திருக்கும். எனக்கு வந்தது.

தெற்கே தலைவைக்கலாம் என்றால் காற்றுத் துளை காலடிக்குப் போய்விடும். அதனால் ஒருமனதாகத் தீர்மானம் போட்டு, மேலிடத்தில் அனுமதி வாங்கி, மூன்றாம் பகுதிக் கட்டில்கள் அனைத்தையும் கழற்றிக் குறுக்காகத் திருப்பினோம். கிழக்கே தலை. காற்று பக்கவாட்டில் வந்தது. பரவாயில்லை. முதல் சில வாரம் புரண்டு படுத்தால் வயிற்றைப் பிரட்டியது. ஆளுக்கொரு மாத்திரை போட்டுக்கொண்டு பழகிவிட்டோம். மற்றப் பகுதிக்காரர்கள் அவ்வளவு மாத்திரை வாங்கவில்லை என்பதை அப்போது யார் கவனித்தார்கள்?

இசக்கியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கல்யாணமான புதிதில் நான் கோவிலுக்குள் போனால் அவர் வாசலில் செருப்புக்குக் காவல் நிற்பார். ராகுகாலத்தில்தான் புது வண்டி எடுத்தார், வேண்டுமென்றே. பிறகு பாளையங்கோட்டையில் இருந்தபோது எங்கள் முதல் குழந்தை ஐந்தாம் மாதத்தில் வயிற்றிலேயே நின்றுபோனது. டாக்டர்கள் காரணம் எதுவும் சொல்லவில்லை. சொல்ல எதுவும் இல்லை. அன்றிலிருந்து மனிதர் எல்லாச் சாத்திரத்தையும் கடைப்பிடிக்க ஆரம்பித்தார். நம்பிக்கை வந்து அல்ல, பயம் வந்து. நான் கேலி செய்வதை நிறுத்திவிட்டேன்.

வடிவு பிறந்தது இங்கேதான். நிலையத்தில் பிறந்த முதல் குழந்தை. பெரிய பெரிய ஆட்களெல்லாம் கீழேயிருந்து வாழ்த்து அனுப்பினார்கள். எங்கள் கட்டிலை ஒட்டி, அதே போலக் குறுக்காக, கிழக்கே தலைமாடு வைத்து அவளுக்கு ஒரு சின்னத் தொட்டில் போட்டோம். சமர்த்துக் குழந்தை. வைத்தது வைத்தபடி கிடப்பாள். "இப்படி ஒரு புள்ளையா" என்று வந்தவர்களெல்லாம் மெச்சினார்கள். நானும் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

நான்காம் மாதத்தில் தலைக்கு எண்ணெய் தேய்க்கும்போது என் உள்ளங்கைக்குத்தான் முதலில் தெரிந்தது. பின்மண்டையில் வலப்பக்கம் பலகை போலத் தட்டையாக இருந்தது. மேலேயிருந்து பார்த்தால் வலது காது இடது காதைவிட முன்னே தள்ளி நின்றது.

டாக்டர் ஜெசிந்தாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். தூத்துக்குடிக்காரர், ஐம்பது வயது, எதையும் சுற்றி வளைக்காமல் பேசுவார். மருத்துவப் பகுதியிலேயே தங்கியிருக்கிறார்.

"பயப்படாத. எலும்பு மூட்டெல்லாம் சரியா இருக்கு, மூளைக்கு ஒண்ணும் இல்ல. ஒரே பக்கமா படுத்துப் படுத்து அமுங்கியிருக்கு. ஊர்ல எத்தனை புள்ளைகளுக்கு இருக்கு தெரியுமா? பக்கம் மாத்திப் படுக்க வச்சா பாதிப் பேருக்குத் தானாச் சரியாப் போகும்."

"மாத்தி வைக்கேன் டாக்டர். திரும்பவும் அதே பக்கம் போயிருதா. இடப்பக்கம் திருப்பினா கத்துதா, கக்கிருதா."

அவர் வடிவின் கழுத்தைத் தடவிப் பார்த்தார். இறுக்கம் எதுவும் இல்லை. கருவியை வைத்துத் தலையை அளந்தார்.

"செண்பகம், ஊர்ல இருந்தா நான் இதுக்கு இவ்வளவு யோசிக்க மாட்டேன். இங்க ஒரு விதி இருக்கு. இவதான் இங்க பிறந்த முதல் புள்ள. எடை குறைஞ்ச எடத்துல வளர்ற எலும்பு எப்படி வளருதுன்னு கீழ அளந்துகிட்டே இருக்காங்க. கோணல் ஒரு அளவைத் தாண்டினா, இந்த எடம் புள்ளைக்கு ஆகலன்னு சொல்லி அடுத்த கப்பல்ல இறக்கிருவாங்க."

"இறக்கினா?"

"இறங்கும்போது உடம்பு எடை நாலு மடங்கா அமுக்கும். உனக்கு எனக்கு அது பெருசில்ல. இங்கயே பிறந்த கைக்குழந்தையை இதுவரைக்கும் யாரும் இறக்கினதில்ல. இந்த எலும்பு தாங்குமான்னு என்னால சொல்ல முடியாது. யாராலயும் முடியாது."

இசக்கியும் என் பின்னாலேயே வந்திருந்தார். "அடுத்த கப்பல் எப்போ டாக்டர்?" என்றார். அது அவருக்கே தெரியும். மூன்று மாதம்.

"அதுக்குள்ள ஹெல்மெட் போட்டுப் பாப்போம்" என்றார் ஜெசிந்தா.

கீழே சென்னையில் இதற்கென்றே நிபுணர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு திரையில் பேசி, வடிவின் தலையை நாலா பக்கமும் படமெடுத்து அனுப்பினோம். அவர்கள் அளவு போட்டுத் திருப்பி அனுப்ப, இங்கே உதிரி பாகங்கள் அச்சடிக்கும் இயந்திரத்தில் ஹெல்மெட் தயாரானது. வெள்ளை நிறம், உள்ளே மெத்தென்ற பஞ்சு. நெற்றியில் யாரோ ஒரு மயிலைத் தீட்டிக் கொடுத்தார்கள்.

"இது தலையை அமுக்குமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"அமுக்காது. தட்டையா இருக்கிற எடத்துல கொஞ்சம் இடம் விட்டிருக்கு. மத்த எடத்துல ஒட்டி நிக்கும். தலை வளர்றப்போ எங்க இடம் இருக்கோ அங்கதானே வளரும்? பானையில பூசணிப் பிஞ்சை விட்டு வளத்தா பானை மாதிரியே காய்க்கும்ல, அது போலத்தான். குளிப்பாட்டுற ஒரு மணி நேரம் தவிர மத்த நேரமெல்லாம் தலையில இருக்கணும். உள்ள ஒரு சின்னக் கருவி இருக்கு. தலை எவ்வளவு அசையுதுன்னு எனக்குச் சொல்லும்."

முதல் நாள் நான் தாங்கவில்லை. அந்தச் சின்ன முகத்தைச் சுற்றி அந்தக் கூட்டைப் பார்த்ததும் குளியலறைக்குள் போய் அழுதேன். பிறகு பழகிவிட்டது. சாப்பாட்டுக்கூடத்தில் தாணு அண்ணாச்சி, "ஏ மக்கா, வண்டி ஓட்டப் போறியா? லைசென்ஸ் இருக்கா?" என்று அவளிடம் கேட்பார். அவள் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் உருட்டி அவரைப் பார்ப்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன் என்பதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இரண்டு வாரம் கழித்து ஜெசிந்தா வரச் சொன்னார். முகம் சரியில்லை.

"கோணல் துளிகூடக் குறையல. அது பெரிசில்ல, இன்னும் நாள் இருக்கு. ஆனா ஹெல்மெட்டோட சேந்து அதே பக்கம் சாஞ்சே கெடக்கா. தோல் செவந்துபோச்சு பாரு. புண்ணாச்சுன்னா கழட்டித்தான் ஆகணும். கழட்டினா வேற வழி இல்ல." கருவி அனுப்பிய கோட்டைத் திரையில் காட்டினார். நூல் பிடித்தது போல நேராக ஓடியது அந்தக் கோடு. "இவ தலையை அசைக்கவே மாட்டேங்கா செண்பகம். ராத்திரி, பகல், மடியில, தோள்ல. எங்கயும் அசைக்கல. கழுத்துல கோளாறு இல்ல. கண்ணு, காது எல்லாம் நல்லா இருக்கு. எனக்கு ஒண்ணும் ஓடல."

"அசைக்கலையா?" எனக்குக் கோபமே வந்துவிட்டது. "யாரு சொன்னா? குளிப்பாட்டும்போது வந்து பாருங்க. அந்தப் பக்கம் இந்தப் பக்கம்னு ஒரு எடத்துல நிக்க மாட்டா. வழுக்கி விழுந்துருவாளோன்னு எனக்குத்தான் பயமா இருக்கும். தண்ணின்னா அவளுக்கு உசிரு."

ஜெசிந்தா என்னைப் பார்த்தார். குளிக்கும் நேரத்தில் ஹெல்மெட் கழற்றியிருக்கும். அந்த ஒரு மணி நேரம் கருவிக்குத் தெரியாது.

மறுநாள் குளியலறை வாசலில் வந்து நின்றுகொண்டார். எங்கள் குளியலறை ஒரு ஆள் காலை நீட்டினால் முடிந்துவிடும் அளவு, அதுவும் கப்பல்துறைப் பக்கமாகத்தான் நீட்ட முடியும். நான் எங்கள் ஊர் வழக்கப்படிக் காலை நீட்டி உட்கார்ந்து, வடிவை என் முழங்காலுக்குக் கீழே மல்லாக்கப் படுக்கவைத்து, அவள் தலை என் பாதங்களில் இருக்க, வெந்நீர் ஊற்றினேன். அவள் வாயெல்லாம் பல்லில்லாத சிரிப்பு. குழாயைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள், திரும்பக் குழாயைப் பார்த்தாள். தலை தாராளமாக உருண்டது.

"தண்ணியை நிறுத்து" என்றார் ஜெசிந்தா.

நிறுத்தினேன். வடிவு அப்போதும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்படியே எந்திரிச்சு அறைக்குள்ள வா. அதே மாதிரி உக்காரு."

அறையில் கட்டிலோரமாக இருந்த இடத்தில், கட்டிலைப் போலவே குறுக்காகக் காலை நீட்டி உட்கார்ந்தேன். வடிவு என் கால்மேல் விறைத்துக் கிடந்தாள். நான் மெதுவாகத் தலையை இடப்பக்கம் திருப்பினேன். முகம் சுண்டியது, பால் கக்கினாள். தண்ணீரையும் ஒரு குவளையில் கொண்டுவந்து ஊற்றிப் பார்த்தோம். தரையெல்லாம் ஈரமானதுதான் மிச்சம். திரும்பவும் குளியலறைக்குள், தண்ணீரே இல்லாமல். தலை உருண்டது.

அந்த நேரத்தில் வேலை முடிந்து வந்த இசக்கி வாசலிலேயே நின்றுவிட்டார். ஈரத் தரையையும், கால் நீட்டி உட்கார்ந்திருந்த என்னையும், கட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சுவரோடு சாய்ந்து அப்படியே உட்கார்ந்தார்.

"என்னங்க?"

"ராட்டினம் சுத்தும்போது தலையைச் சட்டுனு திருப்பினா எப்படி இருக்கும்?" என்றார், எங்கள் யாரையும் பார்க்காமல். "குடலப் பிரட்டும். ராட்டினம் ஒரு பக்கம் சுத்துது, தலை இன்னொரு பக்கம் சுத்துது. காதுக்குள்ள இருக்கிற தண்ணி குழம்பிருது. நாமளும் ராட்டினத்துலதான் இருக்கோம் செம்பா. கப்பல்துறைப் பக்கம் தலைவச்சிப் படுத்தா, தலையை உருட்டுறதும் நிலையம் சுத்துறதும் ஒரே போக்கு. காது ஏமாறாது. குறுக்க படுத்தா ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் உலகமே கவுந்து விழுகிற மாதிரி இருக்கும். அதுக்குத்தான் கட்டிலை அப்படிப் போட்டு வச்சிருந்தானுக. நாமதான் கழட்டித் திருப்பினோம்."

"பெரியவங்க பழகிட்டோமே" என்றேன்.

"நாம திரும்பித் திரும்பிப் பழகினோம். இவ முதல் தடவை திரும்பினப்பவே பயந்திருப்பா. அப்புறம் திரும்பவே இல்ல. திரும்பினாத்தானே பழகும்?" நெற்றியில் அறைந்துகொண்டார். "சுழற்சியைப் பாக்குறதுதான் எனக்கு வேலை. அதுக்குத்தான் சம்பளம். எம் பிள்ளை பிறந்ததுலேருந்து தலை சுத்திக் கெடந்திருக்கா, நான் சமர்த்துன்னு சொல்லிட்டு இருந்திருக்கேன்."

ஜெசிந்தா அவர் தோளைத் தட்டினார். "இப்பத்தான் தெரிஞ்சுபோச்சே. தொட்டிலைத் திருப்பிப் போடுங்க. ஹெல்மெட்டும் இருக்கட்டும். தலை உருள ஆரம்பிச்சா ஹெல்மெட் தன் வேலையைப் பாக்கும்."

எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. இத்தனை நாளாக நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ தூக்கியெடுத்தது போல இருந்தது. இவ்வளவுதானா! தொட்டிலைத் திருப்பினால் போதுமா!

டாக்டர் போன பிறகு இசக்கி தொட்டிலின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். நான் மறுபக்கம். அவர் தூக்கவில்லை.

"செம்பா, அது வடக்கு."

"அது வெறும் செவருங்க. இரும்புச் செவரு. நீங்களே வரைபடத்தைப் பாத்து வச்ச பேரு."

"தெரியும். உன்னைவிட எனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சும் கை வரமாட்டேங்குது." தொட்டில் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னைக்கும் எல்லாம் சரியாத்தான் இருந்துது. எல்லா டெஸ்ட்டும் சரி, எல்லா டாக்டரும் சரி. நான் எதையும் பாக்கல, எதையும் மதிக்கல. அதனாலதான்னு சொல்லல. ஆனா இல்லைன்னு யாரு எனக்குச் சொன்னா?"

கத்தினேன். என்னென்னவோ சொன்னேன், அதையெல்லாம் இங்கே எழுத மாட்டேன். அவர் கேட்டுக்கொண்டு நின்றார். "கொஞ்ச நாள் குடு" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த நாள் அவர் வேலைக்குப் போன பிறகு, இவர் என்ன கொடுப்பது நான் என்ன கேட்பது என்று நானே தொட்டிலைத் திருப்பிவிட்டேன். வடிவைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அவள் தலை அந்தச் சுவரை நோக்கிப் போகும்போது என் கையும் நின்றது. தலை வெட்டுப்பட்ட யானை கண்ணுக்குள் வந்து நின்றது. பொறியியல் படித்த கை, தண்ணீரின் ஒவ்வொரு துளியையும் சோதித்து அனுப்புகிற கை, அது அவளைக் கீழே வைக்கவில்லை. தொட்டிலைப் பழையபடி போட்டுவிட்டு, பகல் முழுவதும் வடிவைக் குளியலறையில் என் கால்மேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அங்கே அவள் தலையும் அதே பக்கம்தான் இருந்தது. ஆனால் அது குளியலறை. அங்கே யாரும் தூங்குவதில்லை. இப்படியெல்லாம் மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்த வாரம் இசக்கி என்னோடு கட்டிலில் படுக்கவில்லை. தரையில் போர்வையை விரித்து, கட்டிலுக்குக் குறுக்காக நீட்டிப் படுத்துக்கொண்டார். கேட்டால், "இங்க காத்து நல்லா வருது" என்றார். முறுக்கிக்கொண்டு படுத்திருக்கிறார் என்று நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வாரக் கடைசியில் சங்கக் கூட்டம். வழக்கமாக அதில் குழாய்க் கசிவையும் சாம்பாரில் உப்பையும் பற்றிப் பேசுவார்கள். இசக்கி வரைபடத்தைக் கையில் சுருட்டிக்கொண்டு எழுந்தார்.

"அண்ணாச்சி, ஒரு தப்பு நடந்துபோச்சு. என் தப்பு. அன்னைக்கு வடக்கு பாத்தோம்லா, இந்தப் படம் கப்பல்துறைப் பக்கம் இருந்து பாத்து வரைஞ்சதுன்னு நெனச்சிட்டேன். இல்ல. இது மறுபக்கம் இருந்து பாத்து வரைஞ்சது. அப்போ சுழற்சி தலைகீழாயிருது. நாம வடக்குன்னு சொன்ன கப்பல்துறைப் பக்கம் தெற்கு."

அத்தனை பேரும் பொறியாளர்கள் என்று சொன்னேன் அல்லவா? யாரும் படத்தை வாங்கிப் பார்க்கவில்லை. தாணு அண்ணாச்சி மீசையைத் தடவியபடி கடைசி வரிசையைப் பார்த்தார். அங்கே கோமதி உட்கார்ந்திருந்தாள். ஆறு மாதக் கர்ப்பிணி. நிலையத்தின் இரண்டாவது குழந்தை அவளுடையது.

"அப்போ நாம கிழக்குன்னு நெனச்சி மேற்க தலைவச்சிப் படுத்துக் கெடந்திருக்கோம்?" என்றார் அண்ணாச்சி.

"ஆமா அண்ணாச்சி."

"அதான்வே வயித்தப் பெரட்டிருக்கு!"

கூடமே சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் தீர்மானம் போட்டு, கை தூக்கி, முடித்துவிட்டார்கள். அன்றே கட்டில்களைப் பழையபடி திருப்பினார்கள். எங்கள் அறையில் தொட்டிலைத் திருப்பியது இசக்கிதான். வடிவைத் தூக்கிப் படுக்கவைத்ததும் அவர்தான், தலைமாடு கப்பல்துறைப் பக்கம். நான் தொட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வடிவு கூரையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் விறைப்பாகக் கிடந்தாள். பிறகு காற்றுத் துளையில் கட்டியிருந்த ரிப்பன் படபடத்ததும் கண்ணை உருட்டினாள். கண்ணுக்குப் பின்னால் தலையும் கொஞ்சம் போனது. நின்றது. ஒன்றும் கவிழ்ந்துவிடவில்லை என்று தெரிந்ததும் இன்னும் கொஞ்சம் போனது. மயில் தீட்டிய ஹெல்மெட் மெத்தையில் உரசி, முதல் தடவையாக இடப்பக்கம் சாய்ந்தது. நான் வாய்விட்டு அழுதுவிட்டேன். இசக்கி அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேயிருந்தார்.

அதற்குப் பிறகு எல்லாம் ஓடியது. ஜெசிந்தாவின் திரையில் கோடு மேலும் கீழும் துள்ளியது. தோலின் சிவப்பு மறைந்தது. பின்மண்டை மெல்ல மெல்ல உருண்டுவந்தது. சென்னை நிபுணர், "ஹெல்மெட் நன்றாக வேலை செய்கிறது" என்றார். ஜெசிந்தா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். கப்பல் வருவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் கடைசியாக அளந்தபோது கோணல் விதியின் அளவுக்கு வெகு கீழே இருந்தது. யாரும் இறங்க வேண்டாம். அன்று சாப்பாட்டுக்கூடத்தில் பாயசம் போட்டார்கள். சமையல்காரர் சர்க்கரையை அளக்கவில்லை.

கப்பல் வந்த அன்று எனக்குத் துறையில் வேலை. தண்ணீர் வடிகட்டிகள் அதில்தான் வருகின்றன. துறை நிலையத்தின் நடு முனையில் இருப்பதால் அங்கே கால் தரையில் பாவாது. கம்பியைப் பிடித்து மிதந்துகொண்டே பெட்டிகளைப் பார்த்தேன். தாணு அண்ணாச்சியும் தன் சாமான்களுக்காக வந்திருந்தார். கப்பல் வந்திருந்ததால் ஜன்னல் மூடியைத் திறந்து வைத்திருந்தார்கள்.

சும்மா வெளியே பார்த்தேன். கறுப்பு வானம், நிறைய நட்சத்திரங்கள். நாங்கள் சுற்றுவதால் அவை எல்லாம் ஒரு புள்ளியைச் சுற்றிச் சீராக நகர்ந்துகொண்டிருந்தன. அழகாகத்தான் இருந்தது. ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைக் கண்ணால் தொடர்ந்தேன். உச்சியிலிருந்து இடப்பக்கம் போய், கீழே இறங்கி, வலப்பக்கமாக மேலே ஏறியது.

இன்னொரு தடவை பார்த்தேன். விரலால் காற்றில் வட்டம் போட்டுப் பார்த்தேன். இடஞ்சுழி.

வரைபடத்தில் தப்பு எதுவும் இல்லை. இது வடக்குதான்.

"அண்ணாச்சி" என்றேன். "அண்ணாச்சி, இந்த நட்சத்திரமெல்லாம்..."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பவேயில்லை. "எனக்கு இப்பல்லாம் தூரத்துப் பார்வை சரியில்ல மக்கா" என்றார். "காலையில கப்பலைக் கட்ட வந்த பயக்களும் இங்க நின்னு பாத்துட்டு ஒண்ணும் சொல்லாமத்தான் போனானுவ. நீ ஒன் பெட்டியைப் பாரு. கோமதிக்கு அடுத்த மாசம் பிரசவம்."

வடிகட்டிகளை இறக்கிவிட்டுத் திரும்பி நடந்தேன். நடக்க நடக்க, தரையில் விரித்த அந்தப் போர்வை நினைவுக்கு வந்தது. கட்டிலுக்குக் குறுக்காக நீண்டு கிடந்த போர்வை. அதில் இசக்கியின் தலை எந்தப் பக்கம் இருந்தது என்று இப்போதுதான் யோசித்தேன். முறுக்கிக்கொண்டு படுத்திருக்கிறார் என்று நினைத்தேனே, பாவி! மகளை அந்தப் பக்கம் படுக்கவைக்கும் முன்னால், அந்த வாரம் முழுவதும் தன் தலையை வைத்துப் பார்த்திருக்கிறார். தனக்கு ஏதாவது ஆனாலும் ஆகட்டும், தெரிந்துவிடும் என்று. ஒன்றும் ஆகவில்லை என்றான பிறகுதான் படத்தைச் சுருட்டிக்கொண்டு கூட்டத்துக்குப் போயிருக்கிறார். எங்களுக்கெல்லாம் தெற்கைக் கொடுத்துவிட்டு வடக்கைத் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

அறைக்குள் போனபோது அவர் கட்டிலில் படுத்திருந்தார். பக்கத்தில் வடிவு, ஹெல்மெட் இல்லாமல். அது மூலையில் கவிழ்ந்து கிடந்தது, மயில் மேலே தெரிய. அவருடைய உள்ளங்கை அவள் பின்மண்டைக்கு அடியில் இருந்தது.

"கப்பல் வந்துட்டா?" என்றார்.

"வந்துட்டு."

"ஜன்னலைத் தொறந்து வச்சிருந்தாங்களா?"

என்னைப் பார்க்காமல்தான் கேட்டார். அந்தக் கை மட்டும் அசையாமல் இருந்தது.

"தொறந்துதான் இருந்துது. சாமான் எறக்குற அவசரத்துல நான் எங்க வெளிய பாத்தேன்?"

அவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. நான் வடிவுக்கு மறுபக்கம் படுத்து, தலையணையை அந்தச் சுவரோடு நெருக்கிப் போட்டுக்கொண்டேன். வடிவு இந்தப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு அந்தப் பக்கம் திரும்பி அவள் அப்பாவைப் பார்த்தாள்.